இரவுத் தட்டில் எவ்வளவு மீன்? நெஞ்செரிவு உள்ளவர் புரதத்தைப் பிரித்துச் சாப்பிடும் முறை

நெஞ்செரிவு என்றால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் முதலில் பழி விழுவது கொச்சிக்காயில். ஆணத்தில் உறைப்பைக் குறைப்பார்கள், சம்பலை ஒதுக்குவார்கள். மீனும் இறைச்சியும் பழைய அளவிலேயே இருக்கும். படுக்கப் போகுமுன் வயிறு ஆறட்டும் என்று ஒரு கோப்பை பாலும் குடிப்பார்கள். ஆனாலும் நடுச்சாமத்தில் எரிவு எழுப்பிவிடும். ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயில் கொச்சிக்காய் பட்டால் எரியும் என்பது உண்மைதான். ஆனால் உணவில் இருந்து அமிலச் சுரப்பை மிகப் பலமாகத் தூண்டுவது புரதம். இன்னும் சரியாகச் சொன்னால், புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும், பெப்தைட்டுகள் எனப்படும் சிறு துண்டுகளும்.

இதைப் படித்துவிட்டு மீனை நிறுத்திவிடாதீர்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்று பார்த்தால், 60 கிலோ உள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 48 கிராம் புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடவே வேண்டும். கெஸ்ட்ரைட்டிஸ் என்று சொல்லி மாதக்கணக்கில் சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டு மெலிந்துபோவதில் எந்த நன்மையும் இல்லை. அந்த 48 கிராமை எந்த வேளைக்கு எவ்வளவு, எந்த வடிவில் என்று பிரிப்பதுதான் செய்ய வேண்டியது.

இரைப்பைக்குள் நடப்பது

சாப்பாட்டின் மணம் வந்து வாய் மெல்லத் தொடங்கியதுமே மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக இரைப்பைக்குச் செய்தி போகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் கட்டத்துக்கு உரியது. பெரிய பங்கு மீன் துண்டு இரைப்பைக்குள் போன பிறகு வருவது. இரைப்பை விரிவதும் சுரப்பைத் தூண்டும். முழுப் புரதம் அப்படியே இருக்கும்வரை பெரிதாக எதையும் தூண்டுவதில்லை. பெப்சின் என்ற இரைப்பை நொதி அதை வெட்டத் தொடங்கியதும் வெளிவரும் துண்டுகளை, இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ள ஜி கலங்கள் உணர்கின்றன. அமினோ அமிலங்களில் பினைல்அலனின், டிரிப்டோபன் இரண்டும்தான் இவற்றை அதிகம் உசுப்புபவை. அவற்றைப் பிடிக்கும் ஏற்பிகளில் முக்கியமான ஒன்று, கல்சியத்தை உணர்வதற்கென்று உள்ள அதே ஏற்பி. பாலைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி தேவைப்படும்.

ஜி கலங்கள் கஸ்திரின் என்ற ஓமோனை இரத்தத்தில் விடுகின்றன. 1905 இல் ஜோன் எட்கின்ஸ் என்ற ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் முதன்முதலில் விவரித்த ஓமோன் இது. இரத்தத்தோடு சுற்றி இரைப்பையின் மேற்பகுதிக்கு வரும் கஸ்திரின், அங்குள்ள கலங்களிலிருந்து ஹிஸ்டமினை வெளிவரச் செய்கிறது. ஹிஸ்டமின் அமிலம் சுரக்கும் கலங்களை எழுப்ப, அந்தக் கலங்களுக்குள் ஒதுங்கிக் கிடந்த அமிலப் பம்பிகள் மேற்பரப்புக்கு வந்து வேலையைத் தொடங்குகின்றன.

இதற்கு இரண்டு பிரேக் உண்டு. முதலாவது இரைப்பையிலேயே இருக்கிறது. அங்கே அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூட) 3 க்குக் கீழே இறங்கினால் டி கலங்கள் சோமட்டோஸ்டட்டின் என்ற ஓமோனைச் சுரந்து கஸ்திரினை அடக்கிவிடும். இரண்டாவது சிறுகுடலின் தொடக்கத்தில். அமினோ அமிலங்களும் கொழுப்பும் அங்கே போய்ச் சேர்ந்ததும் கொலிசிஸ்டோகைனின் என்ற ஓமோன் வெளிவந்து, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைத்து, சுரப்பையும் இறக்குகிறது. அமிலம் வந்து சேர்ந்தால் செக்ரெட்டின் என்ற ஓமோனும் இதே பக்கம் நின்று வேலை செய்யும். குடலில் உறிஞ்சப்படும் அமினோ அமிலங்கள் அமிலத்தைக் கொஞ்சம் தூண்டுவதும் உண்டு. ஆனால் அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே ஒரே அமினோ அமிலம் இரைப்பையில் இருக்கும்போது சுரப்பை ஏற்றுகிறது, சிறுகுடலுக்குள் இறங்கிய பிறகு பெரும்பாலும் அடக்குகிறது.

நெஞ்செரிவு உள்ளவர் முக்கியமாக விளங்கிக்கொள்ள வேண்டியது முதலாவது பிரேக்கைத்தான். புரதம் அமிலத்தைத் தூண்டுவதோடு, சுரந்த அமிலத்தைத் தன்னோடு பிணைத்தும் வைத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்ட முதல் ஒரு மணித்தியாலத்தில் இரைப்பையின் பிஎச் 4, 5 என்று உயர்ந்து நிற்கும். உங்களுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் பிஎச் உயர்ந்து நிற்கும்வரை முதலாவது பிரேக் விழாது, சுரப்பு தொடர்ந்து நடக்கும். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் புரதம் சிறுகுடலுக்கு இறங்கிவிட, பிணைக்க ஆளில்லாத அமிலம் மிஞ்சும். இரவு ஒன்பதரைக்கு வயிறு முட்ட மீனும் சோறும் சாப்பிட்டு பத்தரைக்குப் படுத்தவருக்குப் பன்னிரண்டு மணிக்கு எரிவு வருவது இந்தக் கணக்கால்தான். தட்டில் புரதம் கூடக் கூட, தூண்டலும் கூடும், பிரேக் விழுவதும் பிந்தும்.

தட்டை அளப்பது

தராசு தேவையில்லை. விரல்களை விட்டுவிட்டு உங்கள் உள்ளங்கை அளவான, உள்ளங்கைத் தடிப்பான சமைத்த மீன் துண்டு சுமார் 100 கிராம். அதில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். இறாலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. மாட்டிறைச்சியும் கோழியும் அதைவிடச் சற்றுக் கூட. ஒரு முட்டை 6 கிராம். அரைக் கோப்பை கெட்டிப் பருப்புக்கறி 9 கிராம். 200 மில்லிலீற்றர் பால் 6 அல்லது 7. தயிர் 100 கிராமுக்கு 4. ஒரு கோப்பை சோற்றிலும் 4 கிராம் உண்டு, அதை எல்லோரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

60 கிலோ உள்ளவர் இப்படிப் பிரிக்கலாம். காலையில் இடியப்பம் அல்லது புட்டோடு அரைக் கோப்பை பருப்பு, ஒரு முட்டை. இடியப்பத்தின் மாவையும் சேர்த்தால் 17, 18 கிராம் வரும். மத்தியானம் இரண்டு கோப்பை சோறும் முக்கால் உள்ளங்கை மீனும். சுமார் 24 கிராம். இரவுக்கு 10 கிராமுக்கு மேல் போக வேண்டாம். ஒரு கோப்பைச் சோறோ சின்னப் புட்டோ, கீரை, அதோடு ஒரு முட்டை அல்லது கால் கோப்பைக்குச் சற்றுக் கூடிய பருப்பு. நாள் கணக்கு 50 கிராமைத் தாண்டிவிடும், உடலுக்குக் குறைவில்லை.

இந்தத் திட்டம் பெரும்பாலும் உடைவது இரவுச் சட்டியில். மத்தியானம் வைத்த மீன் ஆணம் மிஞ்சியிருக்கும், வீணாக்கக் கூடாது என்று இரவே முடித்துவிடுவார்கள். சமைத்து இறக்கியதும், பரிமாறுவதற்கு முன்பே, அடுத்த நாள் காலைக்கு என்று இரண்டு துண்டை வேறு பாத்திரத்தில் எடுத்து, சூடு ஆறியதும் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கலியாணம், கந்தூரி, கோயில் திருவிழா நாட்களில் மத்தியானப் பந்தியில் சாப்பிடுங்கள். இரவுப் பந்தியில் உட்கார நேர்ந்தால் சோற்றைக் குறைத்து இறைச்சியை நிறையப் போட்டுக்கொள்வதுதான் பலரும் செய்வது. எரிவு உள்ளவருக்கு அது தலைகீழான வழி.

பால், சூப், தயிர், தேத்தண்ணி

எரிவுக்குப் பால் குடித்தால் சற்று நேரம் ஆறும். அமிலத்தைப் பால் பிணைத்துக்கொள்வதால் வரும் ஆறுதல் அது. பிறகு பாலின் புரதம் உடைந்து அமினோ அமிலங்கள் வரும், கூடவே கல்சியமும் இருக்கும். இரண்டும் ஜி கலத்தின் அதே ஏற்பியைத் தட்டுவதால் சுரப்பு மறுபடி ஏறும். கொழுப்பு நீக்கிய பாலும் இதையே செய்யும். ஆகவே எரிவுக்கு மருந்தாகப் பாலைக் குடிக்க வேண்டாம். பால் வேண்டுமென்றால் காலையிலோ பின்னேரமோ குடியுங்கள். இரவு பத்து மணிக்கு நாலு கரண்டி பால்மா போட்ட தேத்தண்ணி குடிப்பதும் பால் குடிப்பதும் ஒன்றுதான். எரிவு வந்து எழும்பினால் இரண்டு மூன்று மிடறு தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்காருங்கள்.

சூப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வருத்தக்காரருக்கு 'லேசான சாப்பாடு' என்று வெறும் வயிற்றில் கோழிச் சூப் கொடுக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. எலும்பையும் இறைச்சியையும் மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால், பெப்தைட்டுகளும் அமினோ அமிலங்களும் நீரில் கரைந்து இறங்கும். பெப்சின் வெட்டித் தரும் வரை ஜி கலங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, தூண்டுபொருள் தயாராகவே வருகிறது. ஆனால் அமிலத்தைப் பிணைத்து வைக்கத் தேவையான கெட்டிப் புரதம் அதில் குறைவு. இறைச்சிச் சாறு இரைப்பைச் சுரப்பை எவ்வளவு பலமாகத் தூண்டும் என்பதை, 1904 இல் நோபல் பரிசு பெற்ற பவ்லோவ் நாய்களில் செய்த ஆய்வுகளிலேயே காட்டிவிட்டார். பசி எடுக்காத நோயாளிக்கு இது உதவிதான். நெஞ்செரிவோ புண்ணோ உள்ளவருக்கு இரவு எட்டு மணிக்கு வெறுஞ்சூப் கொடுப்பது பொருத்தமில்லை. கொடுப்பதென்றால் மத்தியானம், குழைய வேகவைத்த சோற்றோடு, கால் கோப்பைக்கு மேல் போகாமல். எலும்புச் சூப்புக்குச் சொன்ன காரணம், கருவாட்டையும் மாசியையும் நீண்ட நேரம் கொதிக்கவிட்ட குழம்புக்கும் பொருந்தும்.

எருமைத் தயிர் வேறு விதம். புரதமும் கல்சியமும் இருக்கின்றன; கொழுப்பும் நிறைய, 100 கிராம் எருமைப் பாலில் 7 கிராம் அளவில். கொழுப்பு சிறுகுடலுக்குப் போனால் அமிலச் சுரப்பைக் குறைக்கும். ஆனால் உணவுக்குழாயின் கீழ் வாயில் உள்ள இறுக்கத்தை அது தளர்த்தும், இரைப்பையும் மெதுவாகவே காலியாகும். எனவே சுரப்பது குறைந்தாலும் மேலே ஏறுவது கூடலாம். தேங்காய்ப்பாலில் வைத்த சொதிக்கும், பொரியலுக்கும் இதே விளக்கம். மத்தியானம் சோற்றோடு இரண்டு அகப்பை தயிர் போட்டுக்கொள்வதில் பெரும்பாலானோருக்குக் கெடுதல் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மேல் தயிரும் பாணியும் வேண்டாம்.

தேத்தண்ணியும் கோப்பியும் அமிலத்தைத் தூண்டும். கபீன் நீக்கிய கோப்பியும் தூண்டும் என்பதால் அதற்கு மாறுவதில் பெரிய பயன் இல்லை. வெறும் வயிற்றில் குடிக்காமல் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடியுங்கள், அது போதும்.

மணிக்கூடும் கட்டிலும்

இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டு பத்து மணிக்குப் படுப்பது இலக்கு. மூன்று மணித்தியால இடைவெளிக்குக் காரணம் மேலே சொன்ன கணக்குத்தான். அதோடு, சாப்பாடே இல்லாவிட்டாலும் இரைப்பை தானாகச் சுரக்கும் அமிலம் நாளின் மற்ற நேரங்களைவிட இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில்தான் கூட. பிந்திய சாப்பாட்டின் சுரப்பு அதற்கு மேல் வந்து ஏறுகிறது.

இரவில் கடலுக்கோ வாவிக்கோ போகிறவர்கள், வயல் காவலுக்குப் போகிறவர்கள், இரவு வேலை செய்யும் தாதியர்கள் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணித்தியாலம் நிமிர்ந்து நடமாடுவீர்களோ, அந்த வேளையில் பெரிய மீன் துண்டை வையுங்கள். காலையில் கரைக்கு வந்து, வலை வேலை முடித்து, நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பவருக்கு அந்தக் காலைச் சாப்பாடுதான் 'இரவுச் சாப்பாடு'.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 முதல் 20 சென்றிமீற்றர் உயரத்துக்குக் கட்டையோ செங்கல்லோ வையுங்கள். இரண்டு மூன்று தலையணை வைத்தால் உடல் இடுப்பில் மடங்கி வயிறு அழுத்தப்படும், எரிவு கூடவும் செய்யும். இடது பக்கம் சரிந்து படுப்பது நல்லது. அப்படிப் படுத்தால் இரைப்பையின் உள்ளடக்கம் உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே நிற்கும்.

குளிசையும் சாப்பாடும்

ஒமிப்ரசோல் போன்ற குளிசைகள் அமிலப் பம்பிகளை நிரந்தரமாகப் பூட்டுகின்றன. ஆனால் மேற்பரப்புக்கு வந்து ஓடிக்கொண்டிருக்கும் பம்பிகளை மட்டுமே அவற்றால் பூட்ட முடியும். பம்பிகளை மேலே கொண்டுவருவது சாப்பாடு, அதிலும் முக்கியமாகப் புரதம். மருந்து இரத்தத்தில் நிற்பதோ ஒன்றிரண்டு மணித்தியாலம்தான். எனவே சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் விழுங்க வேண்டும், பிறகு கட்டாயம் சாப்பிட வேண்டும். காலையில் குளிசையைப் போட்டுவிட்டு ஒரு பிஸ்கட்டோடு வேலைக்கு ஓடுபவருக்கும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் படுக்கும்போது போடுபவருக்கும் அதன் பாதிப் பயன் வீணாகிறது. 'எனக்கு ஒமிப்ரசோல் பிடிக்குதில்லை' என்று சொல்பவர்களில் பலரிடம் நேரத்தைக் கேட்டாலே காரணம் வெளிவந்துவிடும். கப்சியூலைப் பிரித்துத் தூளை அரைத்துக் கரைக்கவும் கூடாது. அமிலம் அந்த மருந்தையே அழித்துவிடும், அதனால்தான் உருண்டைகளுக்கு மேல்பூச்சு இருக்கிறது. முழுப் பயன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகும்.

மாதக்கணக்கில் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் எரிவு முன்பைவிட மோசமாகத் திரும்பும். அமிலம் குறைந்திருந்த காலம் முழுக்க முதலாவது பிரேக் விழாததால் கஸ்திரின் உயர்ந்தே இருந்திருக்கும், ஹிஸ்டமின் தரும் கலங்களும் பெருகியிருக்கும். பூட்டுத் திறந்ததும் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். அது நோய் முற்றியதன் அடையாளம் என்று பயப்பட வேண்டாம், சில வாரங்களில் இறங்கும். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று எழுதித் தந்த டொக்டரிடம் கேளுங்கள். குறைக்கும் அந்த வாரங்களில்தான் இரவுப் புரத அளவை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அல்ஜினேட் என்ற பாணி மருந்து (சிரப்) இதற்கு நேர்மாறு, சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்க வேண்டியது. சாப்பிட்டு சற்று நேரத்தில், உணவோடு கலக்காத அமிலம் இரைப்பையின் மேல் விளிம்பில் ஒரு படையாகத் தேங்கும். அல்ஜினேட் அதன்மேல் மிதந்து மூடும். வெறும் வயிற்றில் குடித்தால் மிதக்க எதுவும் இல்லை. அம்பாறையின் உட்பகுதிகளில் நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மக்னீசியம், அலுமினியம் உள்ள அமில எதிர்ப்பு மருந்துகளைத் தாமாக வாங்கிக் குடிக்கவோ, இங்கே சொன்ன புரத அளவைத் தாமாகப் பின்பற்றவோ கூடாது. சிறுநீரகக் கிளினிக்கில் சொல்லும் அளவே அவர்களுக்குரியது.

நோன்பு காலத்தில் ஒரே நேரத்தில் எல்லாம் வந்து குவியும். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று வீடுகளில் நோன்பு திறந்ததும் இறைச்சி போட்ட கஞ்சி, சமோசா, பிறகு சாப்பாடு. நெஞ்செரிவு உள்ளவர் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பைத் திறந்து, குளிசையை விழுங்கி, மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். அப்போது கஞ்சியும் அளவான சாப்பாடும். இறைச்சியை இந்த வேளையிலேயே முடித்துவிடுங்கள், தராவீஹுக்கு நின்று தொழுவது செரிக்கவும் உதவும். சஹருக்குச் சோறு, பருப்பு, ஒரு முட்டை போதும். சஹர் முடிந்து உடனே படுப்பதுதான் நோன்பு மாதத்தில் எரிவுக்குப் பெரிய காரணம். எழும்பும் நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்துங்கள். குளிசையை சஹருக்கு மாற்றுவதா, இரண்டு வேளையும் தேவையா என்பதை நோன்பு தொடங்குமுன் டொக்டரிடம் கேட்டு வையுங்கள்.

இரண்டு வாரக் கொப்பி

ஒரு சின்னக் கொப்பியில் நாளுக்கு நாலு விடயம் எழுதுங்கள்: இரவுப் புரதம் எத்தனை கிராம், சாப்பிட்ட மணி, படுத்த மணி, எரிவு வந்த மணி. முதல் வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். இரண்டாவது வாரம் இரவுப் புரதத்தை மட்டும் 10 கிராமுக்கு இறக்குங்கள். கட்டில், குளிசை, தேத்தண்ணி எல்லாம் பழையபடியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போய்விடும். மாற்றம் இல்லையென்றால் அடுத்த வாரம் படுக்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

எரிவு வந்த மணி டொக்டருக்கும் உதவும். குனிந்தாலும் படுத்தாலும் எரிந்தால் அது பெரும்பாலும் மேலே ஏறும் அமிலம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்தில், அல்லது இரவு இரண்டு மணிக்கு மேல்வயிறு வலித்து, ஏதாவது சாப்பிட்டால் அடங்குகிறதென்றால் முன்சிறுகுடலில் புண் இருக்கலாம். வலிக்கு டைக்குளோபெனாக், இப்யூபுரோபன் குளிசைகளைத் தொடர்ந்து விழுங்குகிறவர் அதையும் கொப்பியில் எழுத வேண்டும். புண்ணுக்கு அவை தனிக் காரணம், புரதத்தைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

கொப்பியை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரங்கள் உண்டு. தார் போன்ற கறுத்த மலம், இரத்த வாந்தி அல்லது கோப்பித் தூள் நிற வாந்தி, விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை இறங்குவது. நெஞ்சு இறுகி, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சு வாங்கலும் வந்தால் அதை 'கேஸ்' என்று சொல்லி சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், காசு இல்லை.

இரவுப் புரதத்தை அளந்து, நேரம் பார்த்து, குளிசையையும் சரியாக எடுத்து ஒரு மாதம் கழிந்தும் எரிவு விடவில்லையென்றால், ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியாவுக்கான பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். பரி மார்ஷலும் ரொபின் வொரனும் இதைக் கண்டுபிடித்ததற்காக 2005 இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தால் டி கலங்களின் சோமட்டோஸ்டட்டின் குறையும். பிரேக் இல்லாத ஜி கலங்கள், மற்றவருக்குச் சாதாரணமான ஒரு மீன் துண்டுக்கே அளவுக்கு மீறிக் கஸ்திரினை விடும். அப்படிப்பட்டவருக்குச் சாப்பாட்டைத் திருத்துவது மட்டும் போதாது, நுண்ணுயிர்க்கொல்லிகளும் அமிலக் குளிசையும் சேர்த்த சிகிச்சை வேண்டும். மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ போகுமுன் ஒமிப்ரசோலை இரண்டு வாரமும், நுண்ணுயிர்க்கொல்லிகளை நாலு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். நிறுத்தும் நாளை டொக்டரோடு பேசி முடிவு செய்து, கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.